மெக் மர்ரியின் பள்ளிக்கூடமும் கமஸாட்ஸ் நகரமும்

புயற்காற்று வீட்டை உலுக்கிக்கொண்டிருக்கும் ஓர் இரவில், மச்சு அறையில் பழைய போர்வையொன்றைச் சுற்றிக்கொண்டு உறக்கம் வராமல் அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணின் மனக்கலக்கத்தோடு தொடங்குகிறது, அமெரிக்க எழுத்தாளரான மேடலின் லெங்கிள் 1962ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘எ ரிங்கிள் இன் டைம்’ என்னும் இளையோர் நாவல். காலத்தையும் ஆகாயத்தையும் ஒரே மடிப்பில் கடந்து வேற்றுலகங்களுக்குப் பிரயாணம் செய்யும் கதை என்று பெயர்பெற்ற அந்நூல், நட்சத்திரங்களைக் காட்டுவதற்கு முன்னால், அந்தப் பெண்ணின் கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருக்கும் ஒரு காயத்தையே நமக்குக் காட்டுகிறது. அந்தக் காயத்தைப் பற்றித்தான் இன்று சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். ஏனெனில் அந்நூலும், அதன் தொடர்ச்சியாக லெங்கிள் எழுதிய வேறு இரண்டு நூல்களும் மேற்கொள்ளும் காலப் பிரயாணம் முழுவதுமே, ஒரு குழந்தையின்மேல் விழும் அடி எங்கே பிறக்கிறது என்று தேடிச் செல்லும் பிரயாணம் என்பது பல ஆண்டுகளாக என் உள்ளத்தில் உறுதிப்பட்டிருக்கும் அபிப்பிராயம்.

மெக் மர்ரி என்னும் அந்தப் பெண் மூக்குக்கண்ணாடி அணிந்தவள். பல்லுக்குக் கிளிப் போட்டவள். அடங்காத தலைமயிரும் அடங்காத கோபமும் உடையவள். கணிதத்தில் இயல்பாகவே கூரிய புத்தி வாய்த்திருந்தும், தகப்பனாரிடம் விளையாட்டாகக் கற்ற குறுக்குவழிகளிலேயே விடை காண்பவளாதலால், ஆசிரியர் விதித்த முறையில் படிப்படியாக எழுதிக் காட்ட இயலாமல், வகுப்பில் மந்தமானவள் என்ற பெயரைச் சம்பாதித்துக் கடைசிப் பிரிவுக்குத் தள்ளப்பட்டிருக்கிறாள். பௌதிக விஞ்ஞானியான அவள் தகப்பனார் அரசாங்கத்தின் இரகசியக் காரியமொன்றுக்காகச் சென்று, கடிதப் போக்குவரத்தும் நின்றுபோய்க் காணாமற்போயிருக்க, அவர் வேறொருத்தியோடு ஓடிப்போனார் என்று ஊரார் சாடைமாடையாகப் பேசிக்கொள்வதும் அவள் காதில் விழாமல் இல்லை. இவற்றையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தவள், அன்று பள்ளியிலிருந்து வீடு திரும்பும் வழியில், தன் தம்பி சார்லஸ் வாலஸைப் புத்தி சுவாதீனம் இல்லாத பிள்ளை என்று பையனொருவன் பழித்த மாத்திரத்தில், அவன் தன்னிலும் மூத்தவன் என்பதையும் பாராமல் புத்தகங்களை வீசியெறிந்துவிட்டு அவன்மேல் பாய்ந்து சண்டையிட்டிருக்கிறாள். ஏறக்குறைய நான்கு வயது வரையில் வாய் திறவாதிருந்து, பேசத் தொடங்கிய நாளிலேயே முழு வாக்கியங்களாகப் பேசிய அந்தச் சிறுவன் ஊராருக்கு மூடன். வீட்டாருக்கோ எவருடைய மனத்தையும் ஊடுருவி அறியும் அதிசயக் குழந்தை.

பிள்ளைகள் செய்யும் கேலியைவிடப் பெரியவர்கள் சொல்லும் புத்திமதி எவ்வளவு ஆழமாகக் காயப்படுத்தும் என்பதை லெங்கிள் தலைமையாசிரியர் ஜென்கின்ஸின் வாயிலாக நமக்கு உணர்த்துகிறார். ஆசிரியரிடம் மரியாதைக்குறைவாக நடந்தாள் என்று தம்மிடம் அனுப்பப்பட்ட மெக்கிடம், அவள் ஏன் இப்படி இருக்கிறாள் என்று கேட்பதற்கு மாறாக, தகப்பனார் இனித் திரும்பமாட்டார் என்னும் யதார்த்தத்தை ஒப்புக்கொண்டால் அவளுக்கு நல்லது என்ற கருத்தில் அவர் பேசுகிறார். அவர் கொடியவர் அல்லர். களைத்துப்போன, கற்பனை வறண்ட ஓர் உத்தியோகஸ்தர். எல்லாப் பிள்ளைகளும் ஒரே அளவில் இருந்தால் தம் காரியம் சுலபமாக நடக்கும் என்று எண்ணுபவர். இம்மனிதரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பதினோராண்டுகளுக்குப் பின்னர் எழுதப்பட்ட நூலில் அவர் மீண்டும் நம்மைச் சந்திக்க வருவார்.

லெங்கிள் இதையெல்லாம் கற்பனையில் மட்டும் கண்டு எழுதியவர் அல்லர். 1918ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் நியூயார்க் நகரத்தில் பிறந்த அவருக்குச் சிறுவயதில் ஒரு கால் மற்றொன்றைவிடச் சற்று நீளமாக இருந்தமையால் ஓடியாடுவதில் மற்றப் பிள்ளைகளோடு இணைய முடியவில்லை. விளையாட்டில் தங்கள் அணி தோற்பதற்கு அவரே காரணம் என்று சகமாணவிகள் வெறுக்க, ஆசிரியர்களும் அவரை அறிவு குறைந்தவர் என்று முடிவு கட்டினார்கள். பள்ளியில் நடந்த ஒரு கவிதைப் போட்டியில் அவர் பரிசு பெற்றபோது, இந்தப் பெண்ணால் இவ்வளவு நன்றாக எழுத முடியாது, எங்கிருந்தோ பார்த்து எழுதியிருக்க வேண்டும் என்று வகுப்பாசிரியையே குற்றம் சாட்டவும், அவருடைய தாயார் மகள் வீட்டில் எழுதிக் குவித்திருந்த கதைகளையும் கவிதைகளையும் கட்டாக எடுத்துச் சென்று காட்டி நிரூபிக்க வேண்டியதாயிற்று. பின்னர் பெற்றோர் அவரைச் சுவிட்சர்லாந்தில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே மாணவிகளைப் பெயரால் அழைக்காமல் எண்ணால் அழைக்கும் வழக்கம் இருந்ததைப் பிற்காலத்தில் அவர் எழுதியிருக்கிறார். ஒரு ஜீவனுக்குப் பெயரிட்டு அழைப்பதே அதற்கு உயிர் கொடுப்பது, பெயரைப் பறிப்பதே கொலை என்னும் எண்ணம் அவருடைய நூல்களில் மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதன் காரணம் இந்த விடுதி வாழ்க்கையில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

நூல் உருவான விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடிகரான கணவர் ஹ்யூ ஃபிராங்க்ளினோடு கனெக்டிகட் மாநிலத்தில் கோஷன் என்னும் சிற்றூரில் மளிகைக் கடை நடத்திக்கொண்டும் குழந்தைகளை வளர்த்துக்கொண்டும் எழுதிவந்த லெங்கிளுக்கு, 1958ஆம் ஆண்டில் அவருடைய நாற்பதாவது பிறந்தநாளன்று மேலும் ஒரு நிராகரிப்பு வந்து சேர்ந்தது. இனி எழுதுவதில்லை என்று தட்டச்சுப் பொறியை மூடி வைத்தவர், அந்தத் தீர்மானத்தால் தாம் படும் வேதனையைப் பற்றியே ஒரு நாவல் எழுதலாமா என்று தம் மனம் யோசிக்கத் தொடங்கியதைக் கண்டு மீண்டும் பொறியைத் திறந்தார். மறு ஆண்டில் குடும்பத்தோடு கூடாரமடித்துத் தங்கியவாறு நாடு முழுவதும் மோட்டாரில் பிரயாணம் செய்தபோது, அரிசோனாவின் வர்ணப் பாலைவனத்தைக் கடக்கையில், மிஸஸ் வாட்ஸிட், மிஸஸ் ஹூ, மிஸஸ் விச் என்னும் மூன்று பெயர்கள் அவருக்குத் தோன்றின. ஐன்ஸ்டைனையும் மாக்ஸ் பிளாங்கையும் வாசித்துக் கிளர்ச்சியுற்றிருந்த மனத்தில் அந்தப் பெயர்கள் வேர்பிடித்துக் கதையாயின. 26 பதிப்பாளர்கள் திருப்பியனுப்பினார்கள் என்பது அவரே பின்னாளில் சொன்ன கணக்கு. சிறுவர்க்கா பெரியவர்க்கா என்று தெரியவில்லை என்றும், தீமையைப் பற்றி இவ்வளவு பகிரங்கமாகச் சிறுவர் நூலில் பேசலாகாது என்றும் தயங்கிய அவர்களுக்குப் பின், ஜான் ஃபேரார் என்பவர் துணிந்து பதிப்பித்தார். 1963ஆம் ஆண்டில் அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்தின் மிக உயர்ந்த பரிசாகிய நியூபெரி பதக்கம் அந்நூலுக்குக் கிடைத்தது.

இனிப் பிரயாணத்துக்கு வருவோம். மிஸஸ் வாட்ஸிட் முதலிய மூன்று மூதாட்டிகள் உண்மையில் மனிதப் பிறவிகளே அல்லர். அவர்களுள் ஒருத்தி, இருளை எதிர்த்துப் போரிடுவதற்காகத் தன் நட்சத்திர உடலையே தியாகம் செய்தவள். மெக், சார்லஸ் வாலஸ், அவர்களோடு புதிதாகச் சிநேகமான பதினான்கு வயதுக் கால்வின் ஓகீஃப் ஆகிய மூவரையும் அவர்கள் டெஸராக்ட் என்னும் உபாயத்தால் அழைத்துச் செல்கிறார்கள். துணியின் ஒரு முனையில் நிற்கும் எறும்பு மறுமுனைக்கு நடந்து செல்ல வேண்டிய தூரத்தை, துணியை மடித்து இரு முனைகளையும் ஒன்றுசேர்த்தால் ஒரே அடியில் கடந்துவிடலாம் அல்லவா என்று மிஸஸ் ஹூவின் பாவாடை விளிம்பைப் பிடித்துக் காட்டும் அந்த விளக்கம், பௌதிக சாஸ்திரத்தின் கடினமான கருத்தொன்றைச் சிறுவர்க்கு எடுத்துச் சொன்ன விதத்தில் இன்றும் என்னை வியக்கவைக்கிறது. காலத்தையும் சேர்த்தே மடிப்பதால், தாயார் தேடிக் கலங்குவதற்கு இடமின்றி, புறப்பட்ட நேரத்துக்குச் சில நிமிஷங்கள் முன்னதாகவே வீடு திரும்பிவிடலாம் என்பதும் உறுதி கூறப்படுகிறது.

போகும் வழியில் பூமியைச் சூழ்ந்திருக்கும் கரிய நிழலொன்றைக் குழந்தைகள் காண்கிறார்கள். அந்த நிழலோடு போரிட்டவர்கள் பூமியில் யார் யார் என்று அவர்கள் பெயர்களை நினைவுகூரும் இடத்தில், இயேசுவும் லியொனார்டோவும் ஷேக்ஸ்பியரும் பாஸ்டரும் மேரி கியூரியும் ஐன்ஸ்டைனும் வருகிற வரிசையில் புத்தரும் காந்தியடிகளும் வருகிறார்கள். ஞானி, ஓவியர், விஞ்ஞானி என்ற பேதமின்றி அனைவரையும் ஒரே படையில் நிறுத்திய இந்தப் பக்கத்துக்காகவே, இயேசுவை மற்றவர்களோடு சமமாக வைத்துவிட்டார் என்று சில சமயவாதிகள் ஆத்திரப்பட்டார்கள். மந்திரக்காரிகளைப் போன்ற மூதாட்டிகள் வருவதும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. 1990களில் அமெரிக்க நூலகங்களிலிருந்து நீக்கச்சொல்லி அதிகமாக முறையிடப்பட்ட நூல்களுள் இதுவும் ஒன்றாயிற்று. எழுதியவரோ ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தி உடையவர்.

தகப்பனார் சிறைப்பட்டிருக்கும் இடம் கமஸாட்ஸ் என்னும் கிரகம். மாயன் புராணங்களில் வரும் வௌவால் தெய்வத்தின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார் லெங்கிள். எதிர்காலத்தைத் துர்க்கனவாகக் காட்டும் நாவல்கள் அதற்கு முன்பே பல உண்டு. ருஷ்ய எழுத்தாளர் ஸாம்யாட்டினின் ‘நாம்’ என்னும் நூலில் மனிதர்கள் எண்களாலேயே அறியப்படுகிறார்கள். 1949இல் வெளிவந்த ஆர்வெலின் ‘1984’ உலகப் பிரசித்தமானது. அவற்றிலெல்லாம் நாம் முதலில் சந்திப்பவர்கள் வயதுவந்தவர்கள்: உத்தியோகஸ்தர்கள், பொறியாளர்கள், காதலர்கள். லெங்கிள் நம்மை இட்டுச்செல்வதோ குழந்தைகள் விளையாடும் ஒரு தெருவுக்கு. ஒரே மாதிரியான சாம்பல் நிற வீடுகள் வரிசையாக நிற்க, ஒவ்வொரு வீட்டின் முன்னும் ஒரு குழந்தை. சிறுமியர் கயிறு தாண்டுகிறார்கள், சிறுவர் பந்து தட்டுகிறார்கள். கயிறு தரையில் படும் கணமும் பந்து தரையில் படும் கணமும் தெரு முழுவதும் ஒன்றே. பின்பு எல்லாக் கதவுகளும் ஒரே நொடியில் திறக்க, எல்லாத் தாய்மாரும் ஒரே வீச்சில் கைதட்டிப் பிள்ளைகளை உள்ளே அழைக்கிறார்கள்.

அந்தத் தெருவில் ஒரே ஒரு சிறுவனுக்குத் தாளம் தவறுகிறது. அவனுடைய பந்து கைதவறி உருண்டோடிவிடுகிறது. தாய் ஓடிவந்து அவனை வாரியெடுத்துக்கொண்டு கதவைச் சாத்துகிறாள். பந்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று நல்லெண்ணத்தோடு சார்லஸ் வாலஸ் கதவைத் தட்டும்போது, எங்கள் வட்டாரத்தில் குழந்தைகள் பந்தைத் தவறவிடுவதே இல்லை என்று சாதிக்கும் அந்தத் தாயின் முகத்தில் தெரியும் பயத்தை நான் எத்தனையோ முறை மறுபடி மறுபடி வாசித்திருக்கிறேன். அவள் தன் பிள்ளையை வெறுக்கவில்லை. அளவு கடந்து நேசிக்கிறாள். ஆனால் அந்த நேசம், பிள்ளை மற்றவர்களைப் போல இருந்துவிட வேண்டுமே என்னும் ஒரே பிரார்த்தனையாகச் சுருங்கிப்போயிருக்கிறது. சீண்டலுக்கு ஆளாகும் குழந்தைகளின் பெற்றோரிடத்தில் இந்தப் பயத்தை நாம் கண்டதில்லையா? நீ ஏன் அப்படிப் பேசினாய், நீ ஏன் தனியாக உட்கார்ந்தாய், மற்றவர்களோடு கலந்து இருந்தால் யார் உன்னை எதுவும் சொல்லப்போகிறார்கள் என்று அடிபட்டுவந்த பிள்ளையிடமே விசாரணை நடத்துவது, பிள்ளையின்மேல் உள்ள பிரியத்தால்தான் பெரும்பாலும் நிகழ்கிறது. சில பக்கங்கள் கழித்து அதே சிறுவனை ஆட்சி மாளிகையின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் மீண்டும் பார்க்கிறோம். அவனுக்குத் தாளம் கற்பிக்கப்படுகிறது. பந்து தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் அவன் வேதனையால் துடிக்கிறான். இனி அவனுக்குத் தாளம் தவறாது.

மெக்கின் பள்ளிக்கூடத்துக்கும் இந்த அறைக்கும் உள்ள உறவை லெங்கிள் எங்கும் விளக்கிச் சொல்லவில்லை. கதையின் அமைப்பே அதைச் சொல்லிவிடுகிறது. வகுப்பில் விதித்த முறையில் கணக்குப் போடாதவள் கடைசிப் பிரிவுக்குப் போவதும், பந்தை விதித்த கணத்தில் தட்டாதவன் வதைக்கூடத்துக்குப் போவதும் ஒரே விதியின் இரண்டு தண்டனைகள். சர்வாதிகாரம் என்பது சேனைகளோடும் கொடிகளோடும் எங்கிருந்தோ வந்து இறங்குவது என்று நினைத்துக்கொண்டிருக்கும் நமக்கு, அது இடைவேளை மணி அடித்தவுடன் விளையாட்டு மைதானத்தின் ஒரு மூலையில் கூடும் சிறு கும்பலிலேயே வித்தாக இருக்கிறது என்று காட்டுவதற்கு ஒரு சிறுவர் நூல் தேவைப்பட்டது.

இதே விஷயத்தை ஆராய்ச்சி உலகம் கையிலெடுத்தது இதற்குப் பின்னர்தான். டான் ஓல்வியஸ் என்னும் மனோதத்துவ அறிஞர் பள்ளிச் சீண்டலைப் பற்றிய தம் முதல் நூலை ஸ்வீடிஷ் மொழியில் 1973இல் வெளியிட்டார். நார்வேயில் மூன்று சிறுவர்கள் சீண்டல் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்ட துயரத்துக்குப்பின், 1983இல் அந்நாட்டு அரசாங்கம் நாடு தழுவிய தடுப்பு இயக்கத்தைத் தொடங்கியது. ஓல்வியஸ் வரைந்து காட்டிய சித்திரத்தில் அடிப்பவனும் அடிபடுபவனும் மட்டும் இல்லை. கூட நின்று ஊக்குவிப்பவர்கள், வேடிக்கை பார்ப்பவர்கள், உள்ளூர இரங்கியும் வாய்திறக்கத் துணியாதவர்கள் என்று ஒரு வளையமே இருக்கிறது. கமஸாட்ஸின் தெருவில் ஒரே தாளத்தில் பந்து தட்டிக்கொண்டிருந்த மற்றப் பிள்ளைகள் அந்த வளையம்தான். ஒருவன் பந்து உருண்டோடியபோது அவர்களுள் எவரும் தட்டுவதை நிறுத்தவில்லை.

அந்தக் கிரகத்தை ஆள்வது ‘அது’ என்று மட்டும் அழைக்கப்படும், உடலற்ற ஒரு மாபெரும் மூளை. எல்லோரும் ஒரே சிந்தையாக ஆகிவிட்டால் துன்பமும் போரும் இராது என்பது அதன் வாதம். குழந்தைகளுள் அறிவிற் சிறந்த சார்லஸ் வாலஸே, தன் புத்தியால் அதன் மனத்துக்குள் புகுந்து மீண்டுவந்துவிடலாம் என்று கர்வங்கொண்டு, அதற்கு அடிமையாகிவிடுகிறான். தம்பியின் வாயிலிருந்தே அந்த வாதத்தைக் கேட்க நேரும் மெக், ஒரே மாதிரியாக இருப்பதும் சரிசமமாக இருப்பதும் வெவ்வேறு என்று கண்டுகொள்ளும் கணமே நாவலின் சிகரம். எல்லோருக்கும் ஒரே சீருடை அணிவித்துவிட்டதாலேயே சமத்துவம் வந்துவிட்டது என்று எண்ணும் கல்விக்கூடங்கள் இருக்கும் எந்த நாட்டிலும் இந்தப் பக்கம் பழையதாகாது.

தீமை அனைத்தையும் ஒரே மூளையில் கொண்டுபோய்க் குவித்தது எனக்கு நெடுங்காலம் குறையாகவே பட்டது. தெருவில் உள்ள ஒவ்வொரு தாயின் பயத்தையும் அவ்வளவு நுட்பமாகக் காட்டியவர், இறுதியில் பழியை ஒரு ராக்ஷஸ உருவத்தின் தலையில் ஏற்றிவிட்டாரே என்று தோன்றியது. லெங்கிள் மறைந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின், 2015இல், அவருடைய பேத்தி கையெழுத்துப் பிரதிகளிலிருந்து கண்டெடுத்து வெளிப்படுத்திய மூன்று பக்கங்கள் இந்தக் குறைக்குப் பதிலாக அமைந்தன. அச்சேறும் முன் நீக்கப்பட்ட அந்தப் பகுதியில், கமஸாட்ஸ் எப்படி இந்தக் கதிக்கு வந்தது என்று மெக் கேட்க, கொடுங்கோலர்களால் மட்டும் ஒரு தேசம் இப்படி ஆவதில்லை என்றும், சுகமாக வாழும் ஜனநாயக தேசங்களும் பாதுகாப்பு ஒன்றையே பெரிதென்று அளவுக்கு மீறி நாடினால் இதே நிலையை அடையக்கூடும் என்றும் தகப்பனார் விளக்குகிறார். நூலின் ஓட்டம் தடைப்படும் என்று எண்ணி அதை நீக்கியிருக்கலாம். கதையமைதி நோக்கில் அது நியாயமே. ஆயினும் அந்தப் பக்கங்களை மனத்தில் வைத்துக்கொண்டு மறுபடி வாசிக்கும்போது, அந்த மூளையை உண்டாக்கியது கதவைச் சாத்திய தாய்மாரின் பயமே என்பது புலப்படுகிறது.

கமஸாட்ஸுக்குள் நுழையும் முன்பு மிஸஸ் வாட்ஸிட் மெக்குக்கு அளிக்கும் வரம் அவளுடைய குற்றங்குறைகளே. பிடிவாதம், பொறுமையின்மை, கோபம் ஆகிய, பள்ளிக்கூடம் திருத்தப் பாடுபட்ட ஒவ்வொரு குணமும் அந்தத் தாளத்துக்கு உடன்பட மறுக்கும் சக்தியாக அவளுக்குத் துணைசெய்கிறது. முடிவில் அவள் தம்பியை மீட்பது அன்பினால். இந்த முடிவைக் குறித்து ஒரு தாயார், துன்புறுத்துகிறவர்களை அன்பால் வெல்லுங்கள் என்று அடிபட்ட குழந்தைகளுக்குப் போதிப்பது மேலும் ஒரு கொடுமை அல்லவா என்று என்னிடம் மனம் வருந்திக் கேட்டதுண்டு. அவருடைய கவலை மிகவும் நியாயமானது. நாவலை ஊன்றி வாசித்தால், மெக் அந்த மூளையை நேசிக்க முடியுமா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டு, தன்னால் இயலாது என்று தெளிவதைக் காணலாம். அவள் நேசிப்பது அதன் பிடியில் சிக்கிய தன் தம்பியை. கொடுமையை மன்னிக்கும்படி அந்நூல் எந்தக் குழந்தையையும் வற்புறுத்தவில்லை.

ஆனால் லெங்கிள் அத்துடன் நிற்கவில்லை. 1973இல் வெளிவந்த ‘எ விண்ட் இன் தி டோர்’ என்னும் இரண்டாம் நூலில், சார்லஸ் வாலஸ் பள்ளியில் சேர்ந்திருக்கிறான். வகுப்பில் ஏதேனும் பேசு என்று ஆசிரியை சொல்ல, உயிரணுக்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவைப் பற்றிப் பேசுகிறான். விளைவு, அடியும் உதையும். அந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்திருக்கும் தலைமையாசிரியர் அதே ஜென்கின்ஸ். முறையிட வந்த மெக்கிடம், பையன் சூழ்நிலைக்கு ஏற்ப இணங்கிப் போகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார். பின்பு கதை விசித்திரமான ஒரு சோதனைக்குத் திரும்புகிறது: மெக்கின் முன்னால் ஒரே தோற்றத்தில் மூன்று ஜென்கின்ஸ்கள் நிற்கிறார்கள், இருவர் உலகத்தைச் சூனியமாக்க வந்த தீய சக்திகள், ஒருவரே மெய்யானவர். மெய்யானவரை அவள் பெயரிட்டு அடையாளம் காட்ட வேண்டும். அதற்கு, தான் மனமார வெறுக்கும் அந்த மனிதரிடத்தில் நேசிக்கத்தக்க ஏதேனும் ஒன்றைக் கண்டெடுக்க வேண்டும்.

பொய்யான இருவரும் மெய்யானவரைவிட இனிமையாகப் பேசுகிறார்கள், தாராளமாக வாக்களிக்கிறார்கள். மெக்குக்கு அப்போது துணைவருவது, கால்வின் எப்போதோ சொன்ன ஒரு செய்தி. பதினொரு பிள்ளைகள் உள்ள வறிய வீட்டில், கால்வினின் தாய் பழந்துணிக் கடையில் வாங்கிவந்த பெண்களின் ஜோடுகளைக் குதிகாலை வெட்டிவிட்டு அவன் அணிந்து பள்ளிக்குச் செல்ல, எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். ஜென்கின்ஸ் அவனைத் தம் அறைக்கு அழைத்து, தம்மிடம் உபரியாக இருப்பதாகச் சொல்லி ஒரு ஜோடு கொடுத்தார். அது புதிதாக வாங்கப்பட்டது. பையனுடைய மானத்துக்குப் பங்கம் வராதிருக்கும்பொருட்டு, அதைத் தேய்த்தும் அழுக்காக்கியும் பழையதுபோலத் தோன்றச் செய்திருந்தார். ஈகையை மறைத்துச் செய்த அந்த ஜென்கின்ஸே, பிள்ளைகளைக் காக்கத் தவறிய ஜென்கின்ஸும். இரண்டும் ஒரே மனிதர். லெங்கிள் அவரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதில்லை. மெக்கினால் பெயரிடப்பட்டபின், அவள் தம்பியைக் காப்பாற்றும் ஆபத்தான பயணத்தில் அவரும் உடன்செல்ல வேண்டியவராகிறார். தம் அறையில் உட்கார்ந்து புத்திமதி சொல்லும் வசதி அவருக்கு அதன்பின் இல்லை. பள்ளிக்கூடக் கதைகளில் தலைமையாசிரியருக்கு இவ்வளவு கடினமான, இவ்வளவு கண்ணியமான ஒரு பங்கை வேறு யாரும் கொடுத்து நான் வாசித்ததில்லை.

மூன்றாவது நூலாகிய ‘எ ஸ்விஃப்ட்லி டில்டிங் பிளானட்’ 1978இல் வந்தது. 1980இல் அமெரிக்காவின் தேசிய நூல் விருதைப் பெற்றது. இதுதான் முழுமையான அர்த்தத்தில் காலப் பிரயாண நாவல். தென் அமெரிக்காவில் ஒரு கற்பனை நாட்டின் சர்வாதிகாரி அணு ஆயுதப் போர் தொடுக்கப்போவதாக அச்சுறுத்த, உலகத்துக்கு 24 மணி நேரமே அவகாசம் இருக்கிறது. பதினைந்து வயதான சார்லஸ் வாலஸ், கௌடியார் என்னும் ஒற்றைக்கொம்புக் குதிரையின் முதுகில் ஏறிக் கடந்த காலத்துக்குச் சென்று, அங்கங்கே ஒவ்வொரு மனிதருக்குள்ளும் புகுந்து அவருடைய வாழ்வை வாழ்ந்து, சரித்திரம் வேறு திசையில் திரும்பியிருக்கக்கூடிய இடத்தைத் தேடுகிறான். எதிர்காலத்தின் நாசத்தைத் தடுக்க எதிர்காலத்துக்கு அல்ல, இறந்தகாலத்தின் சிறு சிறு வீடுகளுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

அந்த வீடுகளுள் ஒன்று திருமதி ஓகீஃப் பிறந்து வளர்ந்த வீடு. முதல் நூலில் கால்வினின் தாயாக ஒருமுறை தலைகாட்டும் இவள், பல் விழுந்து, தலை கலைந்து, கையிலுள்ள கரண்டியால் பிள்ளையை அடிக்கும் ஒரு பெண். வாசகர்கள் அருவருப்போடு கடந்துவிடுவார்கள். மூன்றாம் நூலில் சார்லஸ் வாலஸ் அவளுடைய தம்பி சக் மேடக்ஸின் உடலுக்குள் வாழும்போது, அவளை பீஸி என்னும் சிறுமியாகக் காண்கிறோம்: தம்பியோடு பூங்காற்றை முகர்ந்து மகிழும், பாட்டியிடம் பழைய மந்திரப் பாடலொன்றைக் கற்கும், ஒளி நிறைந்த ஒரு குழந்தை. தந்தை இறக்கிறார், கடன் நெருக்கத் தாய் மறுமணம் செய்துகொள்கிறாள், வந்தவனோ கைநீட்டும் சுபாவம் உடையவன். ஒரு நாள் அவனுடைய அடி மற்றொருவர்மேல் விழாமல் தடுக்கக் குறுக்கே பாய்ந்த சக், மாடிப்படியிலிருந்து விழுந்து மண்டை உடைந்து, பிறகு ஒருபோதும் பழைய சக்காக மீளவே இல்லை. அந்த வீட்டிலிருந்து தப்புவதற்காகவே பீஸி தனக்கு ஒவ்வாத ஓகீஃபை மணந்து, பாட்டியின் பாடலையும் தன்னையும் மறந்து, கரண்டி ஏந்திய அந்தப் பெண்ணாகிறாள்.

அடிப்பவர்களுக்கும் ஒரு குழந்தைப்பருவம் இருந்தது என்று பொதுவாகச் சொல்லிவிடுவது மிக எளிது. 1962இல் ஒரே பக்கத்தில் காட்டி வெறுக்கவைத்த ஒருத்தியை, பதினாறு ஆண்டுகள் கழித்து அவளுடைய பத்து வயதுக்கே அழைத்துச்சென்று நமக்கு அறிமுகப்படுத்துவது அவ்வளவு எளிதன்று. காலப் பிரயாணம் என்னும் உத்தியை இவ்வளவு கருணையோடு பயன்படுத்திய நூல் அபூர்வம். அந்த மூதாட்டிதான் மறந்துபோன பாடலை நினைவுகூர்ந்து சார்லஸ் வாலஸிடம் கொடுக்கிறாள். உலகம் தப்புவதற்கு வழி அவளிடமிருந்து பிறக்கிறது.

இந்நூலில் ஒரு விஷயம் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. சர்வாதிகாரி நல்லவனாக மாறுவது, அவனுடைய மூதாதையருள் யார் யாரை மணந்தார்கள் என்பதைப் பொறுத்திருக்கிறது. பழைய வேல்ஸ் நாட்டு அரசகுமாரர் இருவரின் சந்ததிகளுள் ஒரு வழி நன்மைக்கும் மற்றொரு வழி தீமைக்கும் உரியதாகக் காட்டப்பட்டு, நல்வழியின் அடையாளமாக நீலக் கண்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொரு ஜீவனையும் தனித்தனியே பெயரிட்டு அறிய வேண்டும் என்று இரண்டாம் நூலில் அவ்வளவு உருக்கமாக எழுதியவர், குணத்தை இரத்தத்தில் ஏற்றியது பெரும் முரண்பாடு. பிறப்பை வைத்து மனிதரைத் தரம் பிரிப்பதன் கொடுமையை அறிந்த சமூகத்திலிருந்து வாசிக்கும் நமக்கு இது இன்னும் கூர்மையாக உறுத்தும். பீஸியின் கதையே அந்தக் கொள்கையைப் பொய்யாக்குகிறது என்பேன்: அவளை மாற்றியது வம்சம் அன்று, ஒரு வீட்டில் நடந்த அடி.

நண்பர்கள் கேட்கக்கூடும் என்பதால் வாசிக்கும் ஒழுங்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதல் நூலைப் பதினொன்று, பன்னிரண்டு வயதில் கொடுக்கலாம். ஏவா டுவர்னே இயக்கி 2018இல் வந்த திரைப்படத்தை அதற்குப் பிறகு பார்ப்பது நலம், ஏனெனில் மெக்காக நடித்த ஸ்டார்ம் ரீடின் முகம் அவ்வளவு உயிருள்ளதாக இருப்பதால் வாசகரின் சொந்த மெக்குக்கு இடமில்லாமல் போய்விடும். இரண்டாம் நூலின் முற்பகுதியைப் பிள்ளைகளைக் காட்டிலும் ஆசிரியர்கள் வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்; ஆசிரியத் தொழிலில் இருக்கும் என் உறவினர்களுக்கு அதைத்தான் முதலில் கொடுக்கிறேன். மூன்றாவது நூலில் வீட்டுக்குள் நடக்கும் வன்முறை மறைப்பின்றி வருவதால், பதினான்கு வயதுக்குப் பிறகு, கூட ஒருவர் வாசித்துப் பேசத் தயாராக இருக்கும்போது கொடுப்பதே உசிதம். நீலக் கண்களைப் பற்றிய என் மறுப்பையும் அப்போது சொல்லிவிடுவேன். அதற்கு எதிராக லெங்கிளின் பக்கம் நின்று வாதாடும் பிள்ளைகளும் எங்கள் குடும்பத்தில் இருக்கிறார்கள்.